அலுவலக மெயில், கடிதம், வாட்ஸ்அப்: திருப்பூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

இருபது வருடங்களுக்கு மேலாகத் திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரின் (சரக்கு வாங்குகிறவரின்) ஆர்டரை ஷிப்மெண்ட் வரை பார்த்துக்கொள்கிற ஆளாக, வேலை பார்க்கிறேன். கொஞ்ச காலமாக, புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை சொல்லித் தருவதும் என் பொறுப்பு. துணி, ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை), காஸ்டிங் (விலைக் கணக்கு) எல்லாம் மூன்று மாதத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். எழுதுவதில்தான் திணறுகிறார்கள். பையருக்கு மெயில், சாயம் போடும் டையிங் யூனிட்டுக்கு மெசேஜ், அரசு அலுவலகத்துக்குக் கடிதம் என்று ஒரே நாளில் பத்து விதமாக எழுத வேண்டியிருக்கிறது. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. மெயில் எழுதவே கை நடுங்குகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இங்கிலீஷை ஒரு பக்கம் வையுங்கள். முதலில் ஒரு காகிதத்தில் தமிழில் எழுதுங்கள்: இதைப் படித்து முடித்ததும் அந்த ஆள் என்ன செய்யணும்? எப்போதுக்குள் செய்யணும்? இந்த இரண்டுக்கும் உங்களிடம் பதில் இல்லையென்றால் எந்த மொழியிலும் அந்த மெயில் உருப்படாது.

லேப் டிப் (நிறத்துக்கு ஒப்புதல் வாங்க முன்கூட்டியே சாயம் போட்டு அனுப்பும் சின்னத் துணித் துண்டு) பற்றி பையருக்கு அனுப்பப் போன மாதம் ஒரு பையன் எழுதிக்கொண்டு வந்த மெயிலைத் தமிழில் சொல்கிறேன்: "மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். இந்த மெயில் தங்களை நலமுடன் சந்திக்கும் என்று நம்புகிறோம். கடந்த வாரம் அனுப்பப்பட்ட லேப் டிப்புகள் தங்களுக்குக் கிடைத்திருக்கும் என எண்ணுகிறோம். அவற்றைப் பார்வையிட்டு விரைவில் தங்கள் மேலான கருத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் எந்த ஆர்டர், எந்த நிறம், எத்தனை ஆப்ஷன், எந்தத் தேதிக்குள் என்று ஒன்றுமே இல்லை. அந்த அம்மா ஒரே நாளில் இருபது சப்ளையர்களின் மெயிலைப் பார்க்கிறவர். இதைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்புறம் பார்க்கலாம்" என்று மூடிவிடுவார். இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றியது இது:

"நேவி நிறத்துக்கு ஏ, பி, சி என மூன்று லேப் டிப் செவ்வாயன்று கூரியரில் அனுப்பினோம். எங்கள் கண்ணுக்கு பி உங்கள் ஸ்வாட்சுக்கு நெருக்கமாக இருக்கிறது. எது சரி என்று வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை துணியைச் சாயத்துக்குக் கொடுத்துவிடுவோம். அதற்கு மேல் போனால் ஷிப்மெண்ட் தேதியைக் காப்பாற்றுவது கஷ்டம்."

ஐந்து வாக்கியம். (ஸ்வாட்ச் என்பது பையர் கொடுத்த நிற மாதிரித் துணி.) ஒவ்வொன்றையும் பள்ளிக்கூட இங்கிலீஷில் சொல்லிவிடலாம். மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஜெர்மனியிலோ இத்தாலியிலோ ஸ்பெயினிலோ இருக்கும் பையருக்கும் இங்கிலீஷ் படித்துக் கற்ற மொழிதான். சின்ன வாக்கியம் அவர்களுக்கும் சௌகரியம்.

சப்ஜெக்ட் லைனில் என்ன எழுதணும்?

ஆர்டர் எண் (பி.ஓ., அதாவது பர்ச்சேஸ் ஆர்டர்), பொருள், அவர் செய்ய வேண்டியது, கடைசித் தேதி. "பி.ஓ. 4471, நேவி லேப் டிப், ஒப்புதல் வேண்டும், வியாழனுக்குள்." இவ்வளவுதான். "அர்ஜெண்ட்" என்று போடாதீர்கள். பத்து மெயிலில் போட்டால் பதினொன்றாவதை யாரும் மதிக்க மாட்டார்கள். பழைய மெயிலுக்கு ரிப்ளை அடித்து அதில் புது விஷயத்தைச் சொருகவும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒரு கிளெய்ம் (நஷ்டஈடு கேட்பு) வந்து நீங்கள் தேடும்போது, "தீபாவளி வாழ்த்து" என்ற தலைப்புக்குள் பட்டன் ஒப்புதல் ஒளிந்துகொண்டிருக்கும்.

எண்கள் எழுதும்போது எதைக் கவனிக்கணும்?

நான் பட்டு அறிந்த இடம் இது. வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு பாப்பா செட் ஆர்டர். மேலே ஒரு டீ-ஷர்ட், கீழே ஒரு டிரவுசர், இரண்டிலும் பிரிண்ட். மொத்தம் 5,000 செட். பிரிண்டிங் யூனிட்டுக்கு நான் எழுதிய சீட்டில், "5,000 பிரிண்ட் போட்டுடுங்க அண்ணா" என்று மட்டும் இருந்தது. அவர் 2,500 மேல், 2,500 கீழ் என்று கணக்கு வைத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. 5,000 என்று எழுதியிருந்தேனே தவிர, செட்டா பீஸா என்று எழுதவில்லை. பண்டல் பிரித்தபோதுதான் பாதி இல்லை என்று தெரிந்தது. தையல் லைன் ஒன்றரை நாள் சும்மா நின்றது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற அக்காக்களுக்கு அந்த ஒன்றரை நாள் கூலி போனது. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அன்றிலிருந்து எண்ணைத் தனியாக விடுவதே இல்லை. "5,000 செட் = 5,000 மேல் + 5,000 கீழ் = 10,000 பீஸ்" என்று மூன்றையும் எழுதிவிடுவேன். டஜன் கணக்கில் பேசுகிற பையர் என்றால் டஜனையும் பீஸையும் சேர்த்து எழுதுவேன்.

வெளிநாட்டு மெயிலில் இன்னும் சில பள்ளங்கள் உண்டு. 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்காக்காரருக்கு மே 6. ஷிப்மெண்ட் தேதியில் ஒரு மாதம் இடிக்கும். எப்போதும் மாதத்தின் பெயரை எழுத்தில் போடுங்கள். ஜெர்மனியில் ஆயிரத்தைப் புள்ளியாலும் தசமத்தைக் காற்புள்ளியாலும் பிரிப்பார்கள். அங்கிருந்து 1.250 பீஸ் என்று வந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது. நாம் விலையை 3.250 டாலர் என்று மூன்று தசமத்தில் எழுதி அவர்களைக் குழப்பக் கூடாது, 3.25 போதும். லட்சம், கோடி நம் ஊரோடு சரி. பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். வெளியே போகும் தாளில் 10,00,000 என்று காற்புள்ளி வைத்தால் அவர்களுக்கு அது அச்சுப்பிழை மாதிரி தெரியும்.

எல்லாமே வாட்ஸ்அப்பில் நடக்கிறது. அதற்கு மேல் மெயில் எதற்கு?

வாட்ஸ்அப்பை நானும் விடவில்லை. டையிங்கில் துணி இறங்கிவிட்டதா, வண்டி கிளம்பிவிட்டதா என்று கேட்க அதைவிட வேகமானது இல்லை. ஆனால் விலை, அளவு, நிறம், தேதி இந்த நான்கில் ஒன்று மாறினால் அன்றைக்கே மெயிலில் ஏற்றிவிடுங்கள். போனில் பேசினாலும் அப்படித்தான். "இன்று மதியம் போனில் பேசியபடி, ஷிப்மெண்ட் மார்ச் 14-லிருந்து மார்ச் 21-க்கு மாறுகிறது. இது சரியில்லையென்றால் நாளைக்குள் சொல்லுங்கள்" என்று இரண்டே வரி போதும்.

மெயிலை லேசாக நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்வேன். டிரைமெக்ஸ் என்ற நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் பாக்சைட் தாது வாங்குவதில் தகராறு. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை, எல்லாம் மெயிலில் பேசியது. அந்த மெயில்களை வைத்தே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாம் பஸ்ஸில் நின்றுகொண்டு தட்டிவிடும் "ஒப்புக்கொள்கிறோம்" என்ற ஒரு வரிக்கு அவ்வளவு கனம் இருக்கிறது. அதனால் முதலாளியிடம் கேட்காமல் விலைக்குச் சரி சொல்லாதீர்கள்.

கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்புவதையும் நிறுத்துங்கள். "பார்த்தேன்" என்று ஒருத்தர் போடுவார், "சரி, செய்" என்று இன்னொருத்தர் எடுத்துக்கொள்வார். அதே மாதிரி வாய்ஸ் நோட்டில் அளவு சொல்லாதீர்கள். தறிச் சத்தத்தில் அறுபதும் எழுபதும் ஒன்றாகத்தான் கேட்கும்.

"ஆவன செய்யவும்" என்று முடிப்பது தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆவது எது என்று நீங்கள் சொல்லவில்லையே? "டூ த நீட்ஃபுல்" என்று இங்கிலீஷில் எழுதுவதும் இதேதான். வேலையைப் படிக்கிறவர் தலையில் கட்டிவிட்டு நழுவுகிற வாக்கியம். "இன்வாய்ஸ் இணைத்திருக்கிறேன், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்புங்கள்" என்று செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்.

"ரிவர்ட்" என்பதைப் பதில் அனுப்பு என்ற அர்த்தத்தில் நாம் எல்லோரும் எழுதுகிறோம். அகராதிப்படி அதற்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று பொருள். வெளிநாட்டில் சிலர் குழம்புகிறார்கள், "ரிப்ளை" என்றே எழுதிவிடுங்கள். "வில் டிரை" என்பதையும் நான் எழுத விடுவதில்லை. பையர் அதை முடியும் என்று படிப்பார், நீங்கள் அதை முடியாது என்பதற்கு மரியாதையாக எழுதியிருப்பீர்கள். 20-ஆம் தேதி முடியாது, 24-ஆம் தேதி நிச்சயம் என்று எழுதினால் கோபித்துக்கொண்டாலும் அதை வைத்துத் திட்டம் போடுவார்.

அரசு அலுவலகத்துக்குத் தமிழில் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். அதற்கென்று தனி நடை இருக்கிறதா?

வடிவம் இருக்கிறது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, பிறகு செய்தி, இணைப்பு, இடம், நாள், கையெழுத்து. தமிழ்நாட்டில் 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது முதல் இந்த நடை அலுவலகங்களில் ஊறிப்போயிருக்கிறது. இதில் "பார்வை" என்ற வரியைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே அவர்களிடமிருந்து கடிதம் வந்திருந்தால் அதன் மேலே "ந.க.எண்" என்று ஓர் எண் இருக்கும். நடப்புக் கணக்கு எண். அதையும் தேதியையும் பார்வையில் அப்படியே எழுதுங்கள். அந்த எண் இருந்தால் உங்கள் கடிதம் நேராக உரிய கோப்புக்குப் போய்ச் சேரும். இல்லையென்றால் அது புது மனு, முதலிலிருந்து சுற்றும்.

நடையைப் பொறுத்தவரை, அவர்கள் எழுதுவது போலவே நாமும் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "மேற்படி கழிவுநீர்க் கால்வாயில் அடைப்பு ஏற்பட்டுள்ள நிலையில் உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று ஒருவர் எழுதினார். யார் எடுக்க வேண்டும்? யார் கேட்கிறார்கள்? ஆளே இல்லாத வாக்கியம். இப்படி மாற்றினோம்: "எங்கள் கம்பெனி வாசலில் உள்ள கழிவுநீர்க் கால்வாய் 8 நாட்களாக அடைத்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து போகும் பெண்கள் அந்தத் தண்ணீரில் இறங்கித்தான் நடக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் அடைப்பை எடுத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இடத்தின் படம் இணைத்துள்ளோம்." மரியாதை அப்படியேதான் இருக்கிறது. படிக்கிற அதிகாரியின் கண்ணுக்கு முன்னால் கால்வாயும் வந்துவிட்டது.

தமிழில் எழுத்துப் பிழை வந்தால் பெரிய குற்றமா? அர்த்தம் புரிந்தால் போதாதா?

அர்த்தமே மாறிப்போகிற இடங்கள் நம் தொழிலில் இருக்கின்றன. செக்கிங் டேபிளில் ஒரு சீட்டு: "கரை உள்ள பீஸ்களைத் தனியே எடுத்து வைக்கவும்." எழுதியவர் நினைத்தது கறை, அதாவது ஆயில் பட்ட இடம். ஆனால் அந்த ஸ்டைலில் கழுத்திலும் கையிலும் பட்டையாகக் கரை வைத்த பீஸ்களும் இருந்தன. செக்கிங் அக்கா எழுதியிருந்தபடியே நல்ல பீஸ்களை ஒரு கூடை நிறையப் பிரித்து வைத்திருந்தார். ஓர் எழுத்து, றகரம்.

எல்லா ஒற்றுப் பிழைக்கும் நான் மல்லுக்கட்டுவதில்லை. ஆனால் ர-ற, ல-ள-ழ, ன-ண இந்த மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த ஃபைலை மெயிலில் அனுப்புவதையும் விட்டுவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் கோணல் குறிகளாகத் திறக்கும். யுனிகோடில் அடித்தால் எதிலும் படிக்கலாம்.

பாக்கிப் பணம் கேட்டு எழுதணும். உறவும் கெடக் கூடாது, பணமும் வரணும்.

இந்த ஊரில் அதிகம் பேர் தயங்குகிற கடிதம் இது. ஜாப் ஒர்க் (பிறர் ஆர்டருக்குக் கூலி வேலை) செய்கிற சின்ன யூனிட்காரர்கள், "எப்படிங்க கேக்கறது, நாளைக்கு ஆர்டர் வேணுமே" என்று வருடக்கணக்கில் பொறுத்துப் போகிறார்கள். கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. நீங்கள் செய்த வேலைக்கான கூலி அது.

முதல் கடிதத்தில் உணர்ச்சியே வேண்டாம். பில் எண், தேதி, தொகை, டெலிவரி சலான் எண், எத்தனை நாள் ஆகிறது, இந்த ஐந்தும் இருக்கட்டும். "எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று சொல்லுங்கள்" என்று முடியுங்கள். "சீக்கிரம் அனுப்புங்கள்" என்றால் "சரிங்க" என்று பதில் வரும், அதோடு சரி. தேதி கேட்டால் தேதி சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது கடிதத்தில் சட்டத்தைச் சொல்லலாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 என்று இருக்கிறது. நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) வைத்திருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுக்கும் வரை செலவுக் கணக்கில் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. அதனாலேயே அக்கவுண்ட்ஸ் ஆட்கள் இப்போது கொஞ்சம் காது கொடுக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தில் எழுத்துக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. சரக்கில் குறை என்றால், டெலிவரி ஆன 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். எழுதவில்லையென்றால், டெலிவரி ஆன நாளிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. ஆறு மாதம் கழித்து, "அன்னிக்கே போன்ல சொன்னோமே, துணி சரியில்லைன்னு" என்று பேசுகிறவர்களுக்கு இதுதான் பதில். நீங்கள் சரக்கு வாங்குகிற பக்கம் இருந்தாலும் இதே விதிதான். குறையைப் பார்த்த அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

தப்பு நம் பக்கம். எப்படி எழுதுவது?

நடந்தது என்ன, எத்தனை பீஸ் பாதித்திருக்கிறது, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம், எப்போது சரியாகும். மன்னிப்பு ஒரு வரி, ஒரே தடவை. "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று எழுதாதீர்கள். காரணம் மழையோ மின்தடையோ நம் கவனக்குறைவோ, அதைச் சொல்லுங்கள். பிரச்சினை பெரிதாவதற்கு முன்பே நாமாகச் சொன்ன தப்பை மன்னித்த பையர்களைப் பார்த்திருக்கிறேன். மறைத்து, கண்டெய்னர் போய்ச் சேர்ந்த பிறகு கண்டுபிடித்தவர்கள் அதன்பின் ஆர்டர் தரவில்லை.

மெயில் அனுப்ப நல்ல நேரம் எது?

அவர் ஆபீசுக்கு வந்து உட்காரும் நேரம். ஜெர்மனியில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்குப் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. நியூயார்க்கில் காலை 9 என்பது நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. "இன்று மாலைக்குள்" என்று எழுதினால் யாருடைய மாலை என்றும் சேர்த்து எழுதுங்கள்.

சார், மேடம், அண்ணா, அக்கா: யாரை எப்படி அழைப்பது?

ஃப்ளோரில் அண்ணா, அக்கா தாராளமாக எழுதலாம், நம் ஊர்ப் பேச்சு அதுதான். "வண்டி அனுப்பிச்சிருக்கேனுங்க அண்ணா, 42 ரோல், எண்ணி இறக்கிக்கோங்க" என்பது நல்ல அலுவல் தமிழ். மெயிலில் பெயரோடு சார் அல்லது மேடம். வெளிநாட்டவர் தன் மெயிலின் கீழே எந்தப் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுகிறாரோ அந்தப் பெயரால் அழையுங்கள்.

ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருக்கிற ஃப்ளோரில் நோட்டீஸ் எப்படி ஒட்டுவது?

தமிழில் மட்டும் ஒட்டிவிட்டு, "நாங்க சொல்லிட்டோம்" என்று கணக்குக் காட்டுவது நியாயம் இல்லை. தீயணைப்பு வழி, ஊசி உடைந்தால் என்ன செய்வது, சம்பளத் தேதி இவை அவர்கள் உயிரும் வயிறும் சம்பந்தப்பட்டவை. ஒடியா, இந்தி தெரிந்த தொழிலாளி ஒருவரையே உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள், எழுதியதை இன்னொருவரைப் படிக்கச் சொல்லி அர்த்தம் கேளுங்கள். படம் போடுங்கள், தேதியை எண்ணில் பெரிதாக எழுதுங்கள். ஒரு நோட்டீஸில் ஒரே விஷயம்.

ஏ.ஐ. கருவியில் எழுதி அனுப்பலாமா?

இலக்கணம் திருத்த வைத்துக்கொள்ளுங்கள், உதவியாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஆப்ஷன் ஸ்வாட்சுக்கு நெருக்கம் என்று துணியைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தவர் நீங்கள்தான். அது எழுதிக் கொடுத்த அழகான நான்கு பத்தியில் உங்கள் தேதியும் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். பையரின் விலைத் தாளையும் டிசைனையும் கம்பெனி அனுமதி இல்லாமல் அதில் ஏற்றாதீர்கள்.

கோபத்தில் எழுதிய மெயிலை அனுப்பிவிட்டால்?

ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்ப எடுக்க 30 விநாடி வரை அவகாசம் வைக்கலாம். செட்டிங்ஸில் இன்றைக்கே மாற்றிவையுங்கள். பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுகிற பழக்கம் அதைவிட நல்லது.

பழகுவதற்கு என்ன வழி?

சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம். நீங்கள் அந்த வாரம் அனுப்பிய மெயில்களைத் திறந்து, எதற்கெல்லாம் எதிரில் இருந்து மறுபடி ஒரு கேள்வி வந்தது என்று பாருங்கள். "எந்த ஸ்டைல்?", "எத்தனை?", "எப்போது?" என்று அவர் கேட்டிருந்தால், நீங்கள் விட்ட வரி அதுதான். அந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். என்னிடம் இப்போது வேலை பழகுகிற பெண்ணின் நோட்டில் முதல் வாரம் பதினேழு கேள்விகள் இருந்தன. போன சனிக்கிழமை நான்கு. அதில் மூன்று, ஒரே இன்வாய்ஸில் கார்ட்டன் அளவு எழுத மறந்ததால் வந்தவை.